ஒரு பானைச் சோறும் ஒரு வாளிப் பாலும்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. பானையிலுள்ள சோறு முழுவதையும் எவரும் நசுக்கிப் பார்ப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைக்கலாமா, இன்னும் சற்று நேரம் கொதிக்க விடலாமா என்று முடிவு செய்கிறோம். சிறிதளவு தெரிந்ததைக் கொண்டு தெரியாத பெருமளவைப் பற்றி முடிவு காணும் முறை இது. கையில் உள்ள எண்களை அவற்றின் எல்லைக்கு அப்பாலும் நீட்டிக் கணிப்பதைக் கணித நூல்கள் 'புறச்செருகல்' என்று கூறும். பெயர் புதிதாகத் தோன்றினாலும், அந்த வேலையை நாம் அனைவரும் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

இம்முறை இல்லையேல் உலகில் எந்தக் காரியமும் நடவாது. ஆனால், இதே முறை தவறாகக் கையாளப்படும்போது தொழிலாளியின் ஊதியம் குறைகிறது. குடும்பம் கடனில் சிக்குகிறது. சில வேளைகளில் ஒரு நாட்டின் தொழிலே ஆட்டங்காண்கிறது. ஆகவே, எந்தச் சிறு கணக்கை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைத் தோட்டத் தொழிலாளர்களாகிய நம் மக்கள் அறிந்திருப்பது மிகவும் பயனுள்ளதாகும். மலாக்கா மாநிலத்துத் தோட்ட மக்களுக்கு நன்கு அறிமுகமான இடத்திலிருந்தே, அதாவது பால் ஸ்டோரிலிருந்தே, இதனைத் தொடங்குவோம்.

பால் ஸ்டோரில் நடப்பது என்ன?

இருள் பிரியும் முன் நிரைக்குச் சென்று, மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்கு வருகிறார் ஒரு தொழிலாளி. அங்கே கிராணியார் பாலை நிறுக்கிறார். ஆனால், பாலின் எடை அப்படியே ரப்பரின் எடை ஆகிவிடாது. மரத்திலிருந்து வடியும் பாலில் பெரும்பகுதி நீரே. ரப்பர் என்பது பொதுவாக அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதுவும் நிலையான அளவு அன்று. மரத்தின் இனம், வயது, பருவம், மழை, சீவும் முறை, பால் பெருக மருந்து தடவியிருப்பது ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். இந்த அளவையே உலர் ரப்பர் விழுக்காடு என்றும், தோட்டப் பேச்சில் 'டி.ஆர்.சி.' என்றும் சொல்கிறோம்.

முழு வாளிப் பாலையும் உறைய வைத்துக் காய வைத்து நிறுத்துப் பார்க்கும் வரை எவரும் காத்திருக்க இயலாது. எனவே, வாளியிலிருந்து சிறிதளவு பால் மட்டும் மாதிரியாக எடுக்கப்படுகிறது. நீண்டகாலமாகப் பயன்பட்டு வரும் கருவி மெட்ரோலாக் ஆகும். இது பாலில் மிதக்கும் கண்ணாடி அல்லது உலோகக் கருவி. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆதலால், ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும். நீர் மிகுந்த பாலில் மேலெழும்பி நிற்கும். அதன் கோட்டைப் பார்த்து ரப்பரின் அளவை மதிப்பிடுவர். இது விரைவான முறையே தவிர, மிக நுட்பமான முறை அன்று. பாலின் சூடும், அதில் கலந்துள்ள பிற பொருள்களும் கருவியின் அளவை மாற்றிவிடும். நுட்பமாக அறிய வேண்டுமாயின், நிறுத்தெடுத்த சிறிதளவு பாலை அமிலத்தால் உறைய வைத்து, மெல்லிய தகடாக உருட்டி, கழுவி, அடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 24 கிலோ பால் கொண்டுவந்தார் என வைத்துக்கொள்வோம். மாதிரியில் 35 விழுக்காடு என்று வந்தால், அவர் கொடுத்த ரப்பர் 8.4 கிலோ. 32 விழுக்காடு என்று வந்தால் 7.68 கிலோ. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 0.72 கிலோதான். ஒரு நாளைக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால், அதே வேறுபாடு மாதத்தில் 24 நாள் தொடர்ந்தால் 17 கிலோவுக்கும் மேற்பட்ட ரப்பர் ஆகிவிடும். ஒரு சிறு கிண்ணத்துப் பாலில் நேரும் பிழை, முழு மாதத்து உழைப்பின் மீதும் இவ்வாறு பரவுகிறது.

கலக்கிய பாலும் கலக்காத பாலும்

ஒரு பருக்கையைக் கொண்டு பானைச் சோற்றை அறிய முடிவது எதனால்? பானைக்குள் நீரும் சூடும் எங்கும் ஒரே அளவாகப் பரவியிருப்பதனால்தான். அடி பிடித்த சோற்றில் மேற்பருக்கையைப் பார்த்தால் அடியின் நிலை தெரியாது. பாலும் அப்படியே. வாளியை நன்கு கலக்கிய பின் எடுத்த மாதிரியே அந்த வாளி முழுவதற்கும் சான்று கூறும். மங்கில் மழைநீர் கலந்த பாலை மேலே ஊற்றிவிட்டுக் கலக்காமல் மாதிரி எடுத்தால் ரப்பர் குறைவாகத் தெரியும். பல வாளிகள் இருக்கும்போது ஒரே வாளியிலிருந்து மட்டும் எடுத்தாலும் இதே தவறு நேரும்.

மாதிரியின் அளவு பெரிதாக இருந்தால் போதும் என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன், 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டைகள் அனுப்பி, எவருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதில் எழுதினர். அவற்றைக் கொண்டு, லேண்டன் என்பவரே வெற்றி பெறுவார் என்று அவ்விதழ் அறிவித்தது. ஆனால், 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றி ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். பிழை எங்கே நேர்ந்தது? பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஆகியோரின் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பஞ்ச காலத்தில் ஏழை மக்களிடம் தொலைபேசியும் இல்லை, வண்டியும் இல்லை. மேலும், பதில் எழுத முன்வந்தவர்களின் கருத்து மட்டுமே கணக்கில் சேர்ந்தது. அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் மிகக் குறைந்த எண்ணிக்கையினரை, பல தரப்பினரும் இடம்பெறுமாறு தேர்ந்தெடுத்துக் கேட்டு, வெற்றி பெறுபவரைச் சரியாகச் சொன்னார். கலக்காத வாளியில் பெரிய அகப்பையால் மொண்டாலும் பயனில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஒரு மாதச் சம்பளம், ஐந்தாண்டுத் தவணை

மாதிரி சரியாக எடுக்கப்பட்டிருந்தாலும், அதனை எவ்வளவு தொலைவு நீட்டலாம் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. இன்றைய வாளிப் பாலின் மாதிரி இன்றைய வாளிக்கே சான்று. நாளைக்கு மழை பெய்யலாம். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் காலத்தில் பால் குறைந்துவிடும். ஆண்டின் இறுதியில் மழையால் சீவ முடியாத நாள்களும் உண்டு. இவற்றை நம் தொழிலாளர்கள் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனினும், வீட்டுக் கணக்கு என்று வரும்போது நம்மில் பலர் இதனை மறந்துவிடுகிறோம்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத் தலைவர் நல்ல பால் கண்ட மாதத்தில் 2,300 வெள்ளி சம்பளம் பெறுகிறார் என்போம். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டு வருமானம் 27,600 வெள்ளி என்று மனத்திற்குள் முடிவு செய்கிறார். அதை நம்பி, மாதம் 450 வெள்ளி வீதம் ஐந்தாண்டுத் தவணையில் ஒரு வண்டி வாங்குகிறார். ஆனால், உண்மையில் ஐந்து மாதங்களில் 2,300 வெள்ளியும், நான்கு மாதங்களில் 2,000 வெள்ளியும், இலையுதிர் காலத்திலும் அடைமழைக் காலத்திலும் சேர்ந்து மூன்று மாதங்களில், 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி மட்டுமே கிடைக்கின்றன. ஆண்டு வருமானம் 24,600 வெள்ளிதான். மூவாயிரம் வெள்ளி அவருடைய எண்ணத்தில் மட்டுமே இருந்தது. அந்த மூன்று மாதங்களிலும் தவணை ஒரு வெள்ளியும் குறையாது. வட்டிக்காரரின் வாசலில் நிற்க வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு இப்படித்தான் வருகிறது.

சிறந்த மாதத்தைக் கொண்டு ஆண்டைக் கணக்கிடுவது, பானையின் மேலுள்ள நல்ல பருக்கையை மட்டும் எடுத்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும். தவணைக்குக் கையெழுத்திடும் முன், கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். அவற்றுள் மிகக் குறைந்த மாதத்தில் தவணையைச் செலுத்திய பின் அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் போதிய பணம் எஞ்சுமா என்று பார்ப்பதே பாதுகாப்பான கணக்கு.

மலாக்காவில் தொடங்கிய கதை

நம் நாட்டு ரப்பர்த் தொழிலின் வரலாற்றிலேயே, சிறு கணக்கிலிருந்து கண்ட சரியான முடிவும் உண்டு. தவறான முடிவும் உண்டு. இரண்டிலும் மலாக்காவுக்குப் பங்குண்டு.

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். அவற்றுள் இரண்டாயிரத்துச் சொச்சமே முளைத்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, அங்கிருந்த மரங்களில் பல்லாண்டுக் காலம் சோதனை நடத்தினார். மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவி, ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கலாம் என்று கண்டறிந்தார். இம்மண்ணில் ரப்பர் பெரும்பயிராக வளரும் என்று அவர் வற்புறுத்தியபோது, காப்பி பயிரிட்டு வந்த துரைமார்கள் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று ஏளனம் செய்தனர்.

அவருடைய சொல்லுக்குச் செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் அவர் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டமாக அது போற்றப்படுகிறது. அது நன்கு வளர்ந்த பின்னரே புக்கிட் ஆசஹான் பகுதியில் பெருந்தோட்டம் அமைக்க அவர் முற்பட்டார். சில மரங்களைக் கொண்டு ஒரு நாட்டின் பயிரையே கணித்த இம்முடிவு பலித்தமைக்குக் காரணங்கள் உண்டு. சோதனை மரங்கள் வளர்ந்த தட்பவெப்பமும் மழையும் புதிய நிலத்திலும் ஏறக்குறைய அவ்வாறே இருந்தன. சோதனை ஒரு நாளில் முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் நீடித்தது. மேலும், 22 கன்றிலிருந்து ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஒரே தாவலாகத் தாவாமல், இடையில் ஒரு சிறு தோட்டம் போட்டுப் பார்க்கப்பட்டது.

விலையைப் பற்றிய கணக்கோ வேறு விதமாக முடிந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியதால் ரப்பர் விலை ஏறியது. 1908-இல் இலண்டன் சந்தையில் இராத்தல் மூன்று ஷில்லிங் அளவுக்குத் தாழ்ந்திருந்த விலை, 1910-இல் பன்னிரண்டு ஷில்லிங்கையும் கடந்தது. விலை இப்படியே நீடிக்கும் என்று நம்பிப் புதிய கம்பெனிகள் தொடங்கப்பட்டன. பங்குகளை வாங்க மக்கள் முண்டியடித்தனர். காடுகள் அழிக்கப்பட்டு எங்கும் ரப்பர் நடப்பட்டது. ஆனால், அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. உயர்ந்த விலையே அனைவரையும் நடத் தூண்டியது. நட்ட கன்று பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மரங்களும் பால் தரத் தொடங்கியபோது சந்தையில் ரப்பர் குவிந்தது. 1921-இல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே வந்தது. 1922-இல் ஸ்டீவன்சன் திட்டத்தின் மூலம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினர். ஆயினும், உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்ட 1932-ஆம் ஆண்டில், இராத்தலுக்கு மூன்று பென்னி கூடக் கிடைக்கவில்லை. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி என்பதை நினைவிற் கொண்டால் வீழ்ச்சியின் அளவு விளங்கும்.

இலண்டனில் போடப்பட்ட தவறான கணக்கின் சுமை, நம் முன்னோர்களின் தலையிலும் இறங்கியது. அந்த மந்த காலத்தில் தோட்டங்களில் சம்பளம் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து, கப்பலேறித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கணக்கைப் போட்டவர் ஒருவர், அதன் விளைவைச் சுமந்தவர் மற்றொருவர்.

இது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை பெரும் உச்சத்தைத் தொட்டது. 2015-இல் அதில் பாதிகூட இல்லை. இன்று நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களிடமிருந்தே வருகிறது. அவர்களுள் நம் மக்களும் உள்ளனர். விலை ஏறும் மாதத்தைக் கண்டு கடன் வாங்கி நிலம் பிடிப்போர் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

எட்டுப் பிள்ளைகளின் தேர்வு

எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும்போது விழுக்காடு நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டில் எட்டு மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஓராண்டில் அறுவர் கணிதத்தில் நல்ல நிலை எய்தினால், அது 75 விழுக்காடு. அடுத்த ஆண்டு நால்வர் மட்டுமே எய்தினால், அது 50 விழுக்காடு. 'பள்ளியின் தரம் ஒரே ஆண்டில் கால் பங்கு வீழ்ந்துவிட்டது' என்று ஊரில் பேச்சு எழும். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்றும் சில பெற்றோர் எண்ணத் தொடங்குவர். ஆனால், மாறியவர்கள் இரண்டே பிள்ளைகள். ஒருவன் தேர்வு நாளில் காய்ச்சலில் இருந்திருக்கலாம். மற்றொருத்தி அவ்வாண்டுதான் வேறு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம்.

ஐந்தாறு ஆண்டுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் பள்ளியின் போக்கு தெரியும். தொடர்ந்து இறங்கி வந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்பது நம் கடமை. ஓராண்டு முடிவைக் கொண்டு பள்ளியைப் புகழ்வதும் இகழ்வதும் முறையன்று.

நாம் கேட்க வேண்டியவை

இதுகாறும் கண்டவற்றை மூன்று கேள்விகளில் அடக்கலாம். எவரேனும் ஓர் எண்ணைச் சொல்லி அதிலிருந்து பெரியதொரு முடிவைக் கூறும்போது, முதலாவதாக, அந்த மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எல்லாத் தரப்பும் அதில் கலந்துள்ளனவா என்று கேட்க வேண்டும். இரண்டாவதாக, எத்தனை நாள், எத்தனை பேர், எத்தனை மரம் என்று கேட்க வேண்டும். மூன்றாவதாக, அந்தக் கணக்கு எவ்வளவு தொலைவு நீட்டப்படுகிறது, அந்தத் தொலைவுக்குள் நிலைமை மாறாமல் இருக்குமா என்று கேட்க வேண்டும். விரைவில் பணம் இரட்டிப்பாகும் என்று கூறி வருவோரிடம் மூன்றாம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் கொடுத்த பணத்தைக் காட்டுவார்களே தவிர, மூன்றாம் ஆண்டைப் பற்றித் தெளிவான பதில் சொல்ல மாட்டார்கள்.

பால் ஸ்டோர்க் கணக்கைப் பொறுத்தவரை, ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது. நாள், பாலின் எடை, டி.ஆர்.சி., மழை பெய்ததா இல்லையா என்னும் நான்கையும் குறித்து வந்தால் போதும். எழுதப் பழகாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் உதவலாம். அவர்களுக்கு அது கணிதப் பயிற்சியாகவும் அமையும்.

குறிப்பேட்டை வைத்திருப்பவரும் இம்மூன்று கேள்விகளுக்குக் கட்டுப்பட்டவரே. ஒரு நாள் டி.ஆர்.சி. குறைந்ததைக் கண்டு, 'கிராணியார் ஏமாற்றுகிறார்' என்று கூறுவதும் சிறு கணக்கிலிருந்து கண்ட தவறான முடிவே. அன்று பக்கத்து நிரைக்காரர்களுக்கும் குறைந்திருந்தால், மழையோ பருவமோ கருவியோ காரணமாக இருக்கலாம். மற்றவர்களுக்குக் குறையாமல் ஒருவருக்கு மட்டும் குறைந்திருந்தால், அவர் நிரையின் மரங்களையும் மங்கில் நீர் சேர்வதையும் முதலில் பார்க்க வேண்டும். அவையும் சரியாக இருந்து, மூன்று நான்கு வாரங்களாக அதே நிலை நீடித்தால், அப்போது குறிப்பேட்டுடன் சென்று, பாலை நன்கு கலக்கி மாதிரி எடுக்குமாறும், ஒருமுறை உலர்த்தி நிறுத்து ஒப்பிட்டுப் பார்க்குமாறும் கேட்கலாம். தொழிற்சங்கப் பிரதிநிதியையும் உடன் அழைத்துச் செல்லலாம். தேதியும் எடையும் எழுதிய ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்பவருக்கு நிர்வாகமும் பதில் சொல்லியாக வேண்டும்.

எண்களைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய காலம் நம் பெற்றோர்களோடு போகட்டும். நாளைக் காலையில் வாளியை இறக்கி வைத்ததும், மாதிரி எடுக்கும் முன் பால் கலக்கப்படுகிறதா என்று பாருங்கள். அன்று மாலையே குறிப்பேட்டின் முதல் வரியை எழுதுங்கள்.